நப்பின்னை என்று பெயர் வைக்கலாமா?

பெண் குழந்தைக்குப் பழைய பெயர் வைப்பதைப் பற்றி இம்முறை நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுத வேண்டியிருந்தது. மற்ற மூன்றுக்கும் சுருக்கமான பதில் போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாட்கள் ஆகின்றன. குடும்பத்துப் பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கிரயப் பத்திரத்தில் என் கணவரின் கொள்ளுப்பாட்டி வைத்த கைநாட்டும், அதன் பக்கத்தில் பத்திர எழுத்தர் எழுதியிருந்த ‘நப்பின்னை அம்மாள்’ என்ற பெயரும் கண்ணில் பட்டன. வீட்டில் அவரை எல்லோரும் ‘பெரியாத்தா’ என்று குறிப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறோம். அவருக்கு இப்படி ஒரு பெயர் இருந்தது என் மாமியாருக்கே தெரியாது. அந்தப் பெயரைக் குழந்தைக்கு வைப்பது என்று நானும் என் கணவரும் பேசி முடிவெடுத்தோம். அழகான பெயர், வேறு யாருக்கும் இருக்காது என்ற மகிழ்ச்சியும் எனக்கு உண்டு. ஆனால் ‘பச்சைப் பிள்ளைக்குக் கிழவி பெயரா?’ என்கிறார் மாமியார். ‘வாயில் நுழையவில்லையே’ என்கிறார் என் அம்மா. என் நாத்தனார், ‘பள்ளிக்கூடத்தில் நாப்கின் என்று கூப்பிடுவார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் அண்ணி’ என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் மாமியாரிடமிருந்து தொடங்குகிறேன். ‘கிழவி பெயர்’ என்று அவர் சொல்வதில் கோபம் கொள்ள ஒன்றுமில்லை, ஏனென்றால் எந்தப் பெயரைக் கேட்டாலும் அந்தப் பெயரோடு நாம் கண்ட முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தப் பெயருக்குரியவரை அவர் இந்தப் பெயரால் அறிந்ததே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அவர் சொல்வது இந்தப் பெயரைப் பற்றி அன்று, பழைய பெயர்கள் எல்லாவற்றையும் பற்றிய ஒரு பொதுவான எண்ணம். அந்த எண்ணமும் கொஞ்சம் விசித்திரமானது. தமிழ்ச்செல்வி, மலர்விழி, கயல்விழி முதலிய பெயர்கள் ஏதோ சங்க காலத்திலிருந்து வருவதுபோல நமக்குத் தோன்றுகின்றன. உண்மையில் இத்தகைய பெயர்கள் வீடுதோறும் பரவியது, 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பின்னர்தான். அன்று புதுமையாகவும் சிலருக்கு அதிர்ச்சியாகவும் இருந்தவை, இன்று ‘அம்மா காலத்துப் பெயர்’ என்று ஒதுக்கப்படுகின்றன. அம்மாவின் தலைமுறைப் பெயர்கள்தாம் எப்போதும் நமக்குப் பழையனவாகத் தெரிகின்றன, கொள்ளுப்பாட்டியின் தலைமுறைப் பெயர்களோ அவற்றைச் சுமந்த முகங்களை நாம் காணாததால் புதியனபோல வந்து நிற்கின்றன. உங்கள் மகளோடு படிக்கப்போகும் பிள்ளைகளுக்கு இது கிழவியின் பெயர் என்று தெரியவே தெரியாது.

பெயரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ‘ந’ என்பது நன்மையை, சிறப்பை உணர்த்தப் பெயருக்கு முன்னால் சேரும் ஓரெழுத்து. நக்கீரர், முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார், சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார், பெண்பாற் புலவர்களான நச்செள்ளையார், நக்கண்ணையார், நப்பசலையார் எல்லோருடைய பெயரிலும் முன்னால் நிற்பது அதுதான். ‘பின்னை’ என்றால் பின்னால் பிறந்தவள், தங்கை. கண்ணனுக்குரியவளாகத் தமிழ் மரபு போற்றும் ஆயர்குலப் பெண்ணின் பெயர் இது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் பின்னை என்றும், திருப்பாவையின் 18, 19, 20ஆம் பாசுரங்களில் நப்பின்னை என்றும் வருகிறாள். மூன்று பாசுரங்களில் அடுத்தடுத்து ஒரு பெண்ணைப் பெயர் சொல்லி எழுப்புகிறார்கள் என்பதே, பாடியவளுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டுகிறது. உங்கள் வீட்டுக்கு இதில் ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. முதல் குழந்தைக்கே ‘நல்ல தங்கை’ என்று பெயர் வைக்கப்போகிறீர்கள். பின்னால் ஒரு தங்கை பிறந்தால் அவளுக்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று யாராவது கேட்பார்கள், சிரித்துவிட்டு விடுங்கள்.

‘நல்ல தங்கை’ என்று எழுதியவுடனே இன்னொரு பெயர் உங்களுக்கும் நினைவுக்கு வந்திருக்கும். நல்லதங்காள் என்பதும் சொல்லுக்குச் சொல் அதே பொருளுடையதுதான். ஆனால் பஞ்ச காலத்தில் பிறந்த வீடு கைவிட, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த ஒருத்தியின் கதை அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால், அதைப் பிள்ளைக்கு வைக்க எவருக்கும் மனம் வருவதில்லை. பொருள் ஒன்றாகவே இருந்தும் ஒரு பெயர் பாசுரத்துக்குப் போயிற்று, மற்றொன்று ஒப்பாரிக்குப் போயிற்று. பெயர் வைக்கும்போது அகராதியைப் பார்த்துப் பொருள் தேடுவதில் நாம் செலவிடும் நேரத்தில் பாதியை, அந்தப் பெயர் என்ன கதையைச் சுமந்து வருகிறது என்று பார்ப்பதில் செலவிடலாம் என்பது என் எண்ணம். அந்த வகையில் நப்பின்னைக்கு எந்தக் குறையும் இல்லை.

இனி உங்கள் அம்மா சொன்னது. வாயில் நுழையவில்லை என்பது பெரும்பாலும் பழக்கமில்லை என்பதன் மறுபெயர்தான், ஆனாலும் இங்கே அவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. ஐகாரத்தில் முடியும் பெயர்களைக் கூப்பிடுவது கடினம். இரண்டு மாத்திரை ஒலிக்க வேண்டிய ஐகாரம் சொல்லின் கடைசியில் ஒரு மாத்திரையாகக் குறுகிவிடும் என்று இலக்கணமே சொல்கிறது. அதனால்தான் கோதையைக் கூப்பிட்டால் ‘கோதெ’ என்று பாதியில் அறுந்துபோகிறது. மணிமேகலைகள் மேகலாவாக மாறுவதற்கும் இதுவே காரணம் என்பேன், ஏனென்றால் மொட்டைமாடியில் நிற்கும் பிள்ளையின் காதுக்கு எட்டும்படி இழுத்துக் கூப்பிட ஆகாரம் வேண்டியிருக்கிறது. பழைய தமிழுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. ஐகாரத்தில் முடியும் பெயரை விளிக்கும்போது அது ‘ஆய்’ என்று நீளும், அன்னை அன்னாய் ஆவதுபோல. திருப்பாவையிலும் அவளை ‘நப்பின்னாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாம் அந்த விளியைத் தொலைத்துவிட்டோம். ஆகவே நீங்கள் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, கோபமாக, கொஞ்சலாக, அவசரமாக, பாதித் தூக்கத்தில் எழுந்து என்று நாலைந்து விதமாக இந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வாய் தானாக எந்த வடிவத்தில் போய் நிற்கிறதோ, அதுதான் அவளுடைய வீட்டுப் பெயராக இருக்கப்போகிறது. நப்பி, பின்னி, நப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். வெறுமனே ‘பின்னை’ என்று நிறுத்தினால் மட்டும் ‘பிறகு’ என்ற பொருள் வந்து குறுக்கே நிற்கும். கூப்பிடு பெயரை நீங்கள் தீர்மானிக்காவிட்டால் தெருவிலுள்ள பிள்ளைகள் தீர்மானித்துவிடுவார்கள், அதில் அவர்கள் உங்களைவிட வேகமானவர்கள்.

உங்கள் நாத்தனாருக்கு வருகிறேன். அவர்மீது உங்களுக்கு வருத்தம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது, ஆனால் உங்களுக்குக் கிடைத்த கருத்துகளிலேயே மிகவும் பயனுள்ளது அவருடையதுதான். அப்படி ஒரு கேலி வரும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், அந்தச் சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் நெளியும் காலத்தில், யாராவது ஒருவன் இந்த ஒலி ஒற்றுமையைக் கண்டுபிடித்துத் தானே ஒரு மேதை என்று நினைத்துக்கொள்வான். ‘எல்லாப் பெயரையும்தான் கேலி செய்வார்கள்’ என்று சொல்லி இதைத் தள்ளிவிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒரு வகுப்பில் மூன்று பிரியாக்கள் இருந்தால் கேலியும் மூன்றாகப் பிரிந்துவிடும். பள்ளி முழுவதிலும் ஒரே நப்பின்னை என்றால் முழுதும் அவள் ஒருத்திக்குத்தான்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. எனக்கும் வீட்டில் வைத்த பெயர் அரிய பெயர்தான். வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியர் ஒரு நொடி நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டால், அடுத்தது என் பெயர் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். அவர் வாய் திறப்பதற்குள் நான் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லிவிடுவேன், பெயர் வெளியே வராமல் தடுப்பதற்காக. இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே போயின. பின்னொரு நாள் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் அந்தப் பெயரைத் திக்காமல், நிறுத்தாமல், ஏதோ தினமும் சொல்லும் பெயர்போல வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். என் பெயரில் ஒரு சிக்கலும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. (இந்தப் பகுதியை நான் புனைபெயரில் எழுதுவது வேறு காரணத்துக்காக.) உங்கள் மகளும் அப்படி ஒரு நாள் வரைக்கும் காத்திருக்க நேரலாம். கேலி வருவதற்கு முன்பே, அப்படி வரலாம் என்பதை நீங்களே அவளிடம் சிரித்துக்கொண்டு சொல்லிவைத்தால், முதல்முறை கேட்கும்போது அவளுக்கு அது புதிதாக இருக்காது. பிறர் வாயிலிருந்து முதலில் கேட்பதுதான் வலிக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஒரே இடம், ‘வேறு யாருக்கும் இருக்காது’ என்று நீங்கள் மகிழ்வதுதான். அது பெற்றோருக்கு மகிழ்ச்சி, பிள்ளைக்கு வேலை. தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘பி’ இரண்டு, ‘என்’ இரண்டு என்று திருத்த வேண்டும். ‘என்ன பெயர் சொன்னீர்கள்?’ என்று இரண்டாவது முறை கேட்கிறவரிடம் முகம் சுளிக்காமல் திரும்பவும் சொல்ல வேண்டும். இத்தனையையும் ஆயுள் முழுவதும் செய்யப்போவது நீங்கள் அல்லர். அரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால், சில ஆண்டுகளில் அதே பெயர் பரவலாகிவிட்டால் அந்தக் காரணமும் போய்விடும். அதற்குப் பிறகு அவளுக்குச் சொல்ல உங்களிடம் என்ன இருக்கும்?

ஆனால் உங்களிடம் அதைவிட நல்ல காரணம் இருக்கிறது, அதை நீங்கள் கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டு, அதன் அருமை தெரியாமல் கடந்து போயிருக்கிறீர்கள். அந்தப் பத்திரம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி மையில் தோய்த்த கட்டைவிரலை அழுத்துகிறாள். பக்கத்தில் வேறொருவர் அவள் பெயரை எழுதுகிறார். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அவளால் படிக்க முடியாது. வீட்டுக்கு வந்தால் அவள் ஆத்தா, பிறகு பெரியாத்தா. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு, எத்தனை ஆண்டுகள் அந்தப் பெயர் ஒரு வாயிலிருந்தும் ஒலிக்காமல் இருந்திருக்கும்! வைக்கலாமா என்று கேட்டீர்கள். வைக்கலாம். பத்திரத்தின் அந்தப் பக்கத்தைத் தெளிவாகப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘எனக்கு ஏன் இந்தப் பெயரை வைத்தீர்கள்?’ என்று அவள் அழுதுகொண்டு வந்து கேட்கும் நாளில், பாசுரத்தைவிட அந்தக் கைநாட்டைக் காட்டுவதுதான் நல்லது.

கேள்வி: என் பெயர் அங்கயற்கண்ணி, வயது 31. பழைய பெயர் வைக்க ஆசைப்படும் பெற்றோருக்கு நீங்கள் என் சார்பில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்னுடைய நான்கு ஆவணங்களில் என் பெயர் நான்கு விதமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் ‘கண்ணி’யும் ‘கன்னி’யும் ஒன்றாகிவிடுவதால், திருமணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகும் என்னைக் ‘கன்னி’ என்று வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் நான் ‘ஆங்கி’. பெயரை மாற்றிக்கொண்டால் என்ன?

பதில்: உங்கள் வார்த்தையைச் சொல்லிவிட்டேன், முதல் கடிதத்தை எழுதிய வாசகியும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அம், கயல், கண்ணி என்ற மூன்று சொற்கள் சேர்ந்து, லகரம் றகரமாகத் திரிந்து உருவான பெயர் உங்களுடையது. கயல்மீனைப் போன்ற அழகிய கண்களை உடையவள் என்று பொருள். மீனாட்சி என்பதும் ஏறத்தாழ அதே பொருளைச் சொல்லும் பெயர்தான், ஆனால் மீனாட்சியை எந்த ஊர்க்காரரும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறார்கள், உங்கள் பெயருக்கு நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. உங்கள் குறை பெயரைப் பற்றியது என்பதைவிட, நான்கு விதமான எழுத்தைப் பற்றியது என்றே எனக்குப் படுகிறது. முதலில் எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலைக் கொண்டுவாருங்கள். அலைச்சல்தான், ஆனால் பெயரை மாற்றினாலும் அதே அலைச்சலைப் பட்டுத்தான் ஆக வேண்டும், அரசிதழில் வெளியிடும் வேலை அதற்கு மேல். ‘ஆங்கி’ பிடிக்கவில்லை என்றால், உங்களுக்குப் பிடித்த ஒரு சுருக்கத்தை நீங்களே சொல்லுங்கள். ‘கயல்’ உங்கள் பெயருக்குள்ளேயே இருக்கிறது, அதை ஏன் இத்தனை நாள் யாரும் எடுக்கவில்லை என்பது எனக்கு வியப்பு. எழுத்துகள் சீரான பிறகும் பெயர் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். வைத்தவர்களுக்கு வருத்தம் இருக்கும், ஆனால் அந்தப் பெயரோடு வாழ்கிறவர் நீங்கள்.

கேள்வி: என் தாயாரின் பெயர் மங்கையர்க்கரசி. பேத்திக்கு அந்தப் பெயரை வைக்கச் சொன்னேன். மகனும் மருமகளும் ‘ரொம்ப நீளம் அப்பா’ என்று சொல்லிவிட்டு, பொருளே புரியாத இரண்டெழுத்துப் பெயர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அறுபத்து மூவரில் பெண்கள் மூவரே, அவர்களில் ஒருவர் பெயர் இது என்று சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு ஆறவில்லை.

பதில்: காரைக்கால் அம்மையார், இசைஞானியார், மங்கையர்க்கரசியார் என்று நீங்கள் சொல்லும் கணக்கு சரிதான் ஐயா. பாண்டிமாதேவியின் பெயர் என்பதில் உங்களுக்கு இருக்கும் பெருமையும் நியாயமானது. ஆனால் பேத்திக்குப் பெயர் வைக்கும் உரிமை பெற்றவர்களுக்குத்தான் முதலில், தாத்தாவுக்கு ஆசைப்படும் உரிமை உண்டு. பேத்தியிடம் பெயரின் பெருமையை விளக்குவதற்கு முன்னால், உங்கள் தாயார் எப்படிச் சிரிப்பார், எதற்கு அஞ்சுவார், உங்களை எப்படி அதட்டுவார் என்பதையெல்லாம் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். உங்கள் தாயாரை வீட்டில் யாராவது மங்கையர்க்கரசி என்று முழுதாகக் கூப்பிட்டு நீங்கள் கேட்டதுண்டா? அரசி என்றோ மங்கை என்றோதான் கூப்பிட்டிருப்பார்கள். அந்தச் சின்னப் பெயரால் பேத்தியை நீங்கள் மட்டும் கூப்பிட்டால், மகனும் மருமகளும் தடுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: பிறப்புச் சான்றிதழுக்காகப் பெயரை உடனே முடிவு செய்ய வேண்டும் என்று உறவினர்கள் அவசரப்படுத்துகிறார்கள். எங்களுக்கு ஒரு பழைய பெயர்மீது ஆசை, ஆனால் இன்னும் துணிவு வரவில்லை. அவகாசம் உண்டா?

பதில்: உண்டு. இந்தியாவில், 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெயரில்லாமலே பிறப்பைப் பதிவு செய்துவிட்டுப் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும். பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், அதன் பின்னர் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். ஓர் ஆண்டு என்பது ஒரு பெயரை வீட்டுக்குள் புழங்கிப் பார்க்கத் தாராளமான காலம். சேர்க்கப் போகும்போது பெயரை வாயால் சொல்லாதீர்கள். பழைய பெயர் என்றால் எழுதிக்கொள்கிறவர் தமக்குத் தெரிந்த ஏதோ ஒரு பெயராக அதை மாற்றிவிடுவார். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒற்றெழுத்துகளையும், மூன்று சுழி ணகரமா இரண்டு சுழி னகரமா என்பதையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும், மடித்துப் பையில் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.